ஓடைச் சத்தம்

"மனசும் உடம்பும் வேற வேற இல்லீங்க. மனசு அடங்கினா தூக்கம் தானா வரும்," என்று மனநல ஆலோசகர் சஃபியா, ஓடைச் சலசலப்பு பதிந்த கேசட்டை அங்கப்பனிடம் கொடுத்தார்.

கருமத்தம்பட்டியில் விசைத்தறி வைத்திருப்பவர் அங்கப்பன். தூங்கி ஒரு மாதமாயிற்றாம்.

அடுத்த வாரம் முகம் தெளிந்து வந்தார்.

"கேசட்டைப் போட்டதும் ஊடு மொத்தமும் தூங்கிப்போச்சுங்க அம்மணி! பக்கத்து ஊட்டுக்காரங்களும் கேக்கறாங்க."

சஃபியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "தண்ணிச் சத்தத்தோட மகிமை அப்படீங்க!"

"தண்ணியா? அதைக் கேட்டா ஒண்ணுக்குத்தானுங்க வந்துச்சு! அதை அழிச்சுப்போட்டு, அவிநாசியில மச்சானோட தறி ஓடற சத்தத்தைப் பிடிச்சுட்டு வந்தேன். பொறந்ததுல இருந்து தறிச் சத்தத்துலயே தூங்கின ஊருங்க. ஸ்ட்ரைக்குல எங்கூருத் தறி மட்டும் நின்னுச்சு, எங்க தூக்கமும் போச்சு!"