அடைத்த ஜன்னல்

வெளிநாட்டு நகரம் ஒன்றின் பழைய தேவாலயக் கோபுரத்தைப் பட்டில் ஒரே மாதிரி இரண்டு துணியாக நெய்துதர ஒப்புக்கொண்டிருந்தார் நெசவாளி சம்பந்தம். அனுப்பிய படத்தில் பதினொரு ஜன்னல். அதைப் பார்த்துத் துளையிட்டுத் தறியில் மாட்டிய டிசைன் அட்டையிலும் பதினொன்றுதான். முதல் துணியில் பன்னிரண்டு விழுந்திருந்தது. உச்சி ஜன்னலில் ஓர் ஆள்.

துணியின் போட்டோவைப் பார்த்த ஆர்டர்காரர் போனில் கூப்பிட்டார். அறுநூறு வருடங்களுக்கு முன் கோபுரம் தீப்பிடித்தபோது காவல்காரன் ஒருவன் அந்த உச்சி ஜன்னலில் மாட்டிக்கொண்டானாம். பிறகு அந்த ஜன்னலைக் கல் வைத்து அடைத்துவிட்டார்களாம். அடுத்த துணியில் அதை அடைத்துவிடச் சொன்னார்.

“எப்டிங்க அடைக்கிறது? உள்ள ஆளு நின்னுக்கினு இருக்கானே!” என்றாள் மனைவி சங்கீதா.

சம்பந்தம் அட்டையில் கை வைக்கவில்லை. இரண்டாவது துணியையும் அப்படியே நெய்து முடித்தார்.

பன்னிரண்டாவது ஜன்னல் காலியாக இருந்தது. கீழே கோபுர வாசலில், நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்தபடி ஒருவன் நின்றிருந்தான்.