பச்சைப் பொத்தான்

போனில் கேட்டதைத் தேடித் தரும் ஒரு புதுக் கம்பெனியில் ஊரார் போனில் எழுதுவதைப் படித்து, கோபம் என்றால் சிவப்பு, சந்தோஷம் என்றால் பச்சை அமுக்குவது எங்கள் வேலை. நாற்பத்தைந்து வயதில் எழுத்துக்கூட்டப் பழகியவன் நான். திரையில் விரல் வைத்துத்தான் படிப்பேன். இன்று வந்ததெல்லாம் ஒரு பனியன் கம்பெனியைப் பற்றியது. சிவப்பு விழுந்தவர்களின் பெயர்கள் சாயங்காலம் அந்தக் கம்பெனிக்கே போய்விடும். ‘கக்கூஸ் போறதுக்கும் டோக்கன் கேக்கறாங்க, நாங்க மனுசங்க இல்லீங்களா’ என்று ஒன்று வந்தது. பெயருக்கு நகர்ந்த விரல் அங்கேயே நின்றுவிட்டது. சுகிர்தா. அங்கே தையல் மிஷினில் உட்காரும் என் மகள்.

“என்னுங்ணா, ஒண்ணையே தடவிட்டிருக்கீங்க? எழுத்து அழிஞ்சிரப் போவுது,” என்றாள் பக்கத்து நாற்காலி மரியபுஷ்பம்.

“கண்ணு கூசுது அம்மிணி,” என்று பச்சையை அமுக்கிவிட்டேன். உடம்பு லேசானது. அப்புறம்தான் உறைத்தது. ஒருவர் எழுதியதை எங்களில் இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். இருவரும் வேறு வேறாக அமுக்கினால் மேனேஜரே எடுத்து, பெயரோடு வாய்விட்டுப் படிப்பார். அந்த இன்னொருவர் யாரென்று தெரியாது. அறையில் பதினாறு பேர் இருந்தோம்.

“இதைப் பாருங்ணா, கக்கூஸுக்கு டோக்கனாம்!” மரியபுஷ்பம் சிரித்தபடி சிவப்புக்கு மேலே விரலைக் கொண்டுபோனாள்.

“அம்மிணி, அது எம் புள்ள.”

அவள் சிரிப்பு நின்றது. மேனேஜர் எங்கள் வரிசைக்குள் நுழைந்துகொண்டிருந்தார். அவள் விரல் இன்னும் இறங்கவில்லை.