அவரைக்கொடிக்கு முதல் பரிசு

அம்பத்தூர் பவுண்டரி குவார்ட்டர்ஸில் தோட்டப் போட்டி. நடுவராக வந்த சூப்பர்வைசர் தணிகாசலம், பதினாலாம் நம்பர் வீட்டு அவரைக்கொடியைப் பார்த்து வாயைப் பிளந்தார். கொல்லைச் சுவரில் ஏறி, கூரையைத் தாண்டி, பக்கத்து வீட்டு ரேடியோ ஏரியலையும் வளைத்துப் போட்டிருந்தது.

வீட்டுக்காரி நாகவல்லி சோறு போட்டாள். அவரைக்காய்ப் பொரியலை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்.

"முதல் பரிசு உனக்குத்தாம்மா. அப்படி என்ன உரம் போட்டே?"

"நான் இன்னா சார் போட்டேன்? எல்லாம் உங்க தயவு."

"என் தயவா?"

"நீங்க இல்லாங்காட்டி இந்தக் கொடி ஏது சார்?"

தணிகாசலத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்போ நாளைக்கு விழாவுல, மேனேஜர் எதிர்ல, மைக்கைப் பிடிச்சு அதைச் சொல்லிடு!"

"சொல்றேன் சார். கக்கூஸ் தொட்டி உடைஞ்சு ஒழுகுதுன்னு உங்க கையில ஆறு மனு குடுத்தேன். எட்டு மாசமா நீங்க கண்டுக்கவே இல்ல. அது மொத்தமும் இந்தக் கொடி வேருலதான் சார் பாயுது."

வாயிலிருந்த கவளம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"மைக்குல இப்டியே சொன்னா போதுமா சார்?" என்று கேட்டுக்கொண்டே நாகவல்லி இன்னொரு கரண்டி பொரியல் வைத்தாள்.