நீலப் பெட்டியும் மஞ்சள் பெட்டியும்

"நீங்களே குலுக்கிப் பாருங்க. ஏதாவது சத்தம் வருதா?"

"வரல. அதுக்காக வாத்தியாரைத் திருடன்னு சொல்லிடறதா?" என்றார் கணவர், உதட்டில் கவ்வியிருந்த குண்டூசியை எடுக்காமலே.

தையல்கடை அக்கா நீலப் பெட்டியை வெட்டு மேசைமேல் தொப்பென்று வைத்தாள். பிஸ்கட் ஆலைக் குடியிருப்பில் நாற்பது வீடு. போன மாதம்வரை அங்கிருந்து வரும் பெட்டியைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. மூன்று வாரமாக வெறும் காற்றுதான் வருகிறது.

நகரசபைத் தேர்தலுக்குப் பணக்காரர் யாரிடமும் போய் நிற்காமல், தெருத்தெருவாகச் சில்லறை சேர்த்துத் தங்களில் ஒருவரை நிறுத்துவது என்று அந்த வட்டாரம் முடிவு செய்திருந்தது. யாரை என்பதில்தான் இழுபறி. தையல்கடை அக்காவா, கணக்கு வாத்தியாரா?

பேசிப் பேசி அலுத்து, கடைசியில் ஒரு வழி கண்டார்கள். தெருவுக்கு இரண்டு பெட்டி: அக்காவுக்கு நீலம், வாத்தியாருக்கு மஞ்சள். எந்த நிறம் அதிகம் சேர்க்கிறதோ அவர்தான் வேட்பாளர். ஒருவரை ஒருவர் நம்பாததால் ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி. சனிக்கிழமை பெட்டிகள் அவள் கடைக்கு வந்து சேரும். ஞாயிறு காலை எல்லார் முன்னாலும் திறப்பார்கள். நாளை கடைசித் திறப்பு.

"என் சாவியை அந்த மனுஷன் அச்செடுத்துட்டாரு. ஒரு சோப்புக்கட்டி போதும் அதுக்கு" என்றாள்.

"அவரோட மஞ்சள் பெட்டியையும் குலுக்கிப் பார்த்தேன். அந்தத் தெருவுல அதுவும் ஊமைதான்."

"நடிப்பு. காலியா வச்சிருந்துட்டு நாளைக்குக் கடைசி நேரத்துல மொத்தமா கொண்டாந்து கொட்டுவாரு பாருங்க."

"அளவெடுக்காம கத்திரி வைக்காத. அவ்வளவுதான் சொல்வேன்."

அளவெடுக்கத்தான் கிளம்பினாள். அந்தக் குடியிருப்பை அவள் முன்பே எச்சரித்திருந்தாள். போன மாதம் வீடு வீடாகப் போய், "வாத்தியார் கை சுத்தமில்ல, பார்த்துப் போடுங்க" என்று காதோடு சொல்லிவிட்டு வந்தாள். சொல்லியும் ஏமாந்துவிட்டார்களே என்றுதான் ஆற்றாமை.

மாலை ஷிப்ட் விட்ட நேரம். தெரு முழுக்கக் கருகிய சர்க்கரை வாசனை, யாரோ இனிப்பான ஒன்றை எரித்துவிட்டு ஒளித்து வைத்ததைப் போல. குழாயடியில் நின்றவளிடம், "இந்த வாரம் பணம் போட்டியாம்மா?" என்று கேட்டாள்.

"பார்க்கலாங்க்கா" என்று அவள் குடத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குடம் இன்னும் பாதிதான் நிறைந்திருந்தது.

கடைசி வீட்டில் மட்டும் நடமாட்டம். பெண்கள் ஒவ்வொருவராகப் பர்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். வெளியே வரும்போது மெலிந்த பர்ஸைக் கையில் வீசிக்கொண்டு வந்தார்கள். அக்கா விளக்குக் கம்பத்தின் மறைவில் ஒதுங்கினாள்.

அப்போது அந்த வாசலில் கணக்கு வாத்தியார் வெளிப்பட்டார். சட்டைப்பையில் எதையோ செருகிக்கொண்டே படியிறங்கியவர், அவளைக் கண்டதும் ஒரு கணம் நின்றார். பிறகு ஒரு மாதிரி சிரித்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

கையும் களவுமாக! அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தாள்.

ஆலையில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணின் வீடு அது. விரல்களில் பிளாஸ்திரியோடு அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெரிய பிஸ்கட் டின். அது நிறைய நோட்டும் சில்லறையும்.

"யாரு பணம் இது?"

"தெருப் பணம்க்கா. உக்காருங்க."

"உக்கார வரல. வாத்தியார் எவ்வளவு எடுத்துட்டுப் போனாரு?"

"ஒத்தக் காசு எடுக்கல. அவரும் வந்ததும் வராததுமா இதையேதான் கேட்டாரு, 'தையல்கடை அம்மா எவ்வளவு எடுத்துட்டுப் போனாங்க'ன்னு."

அக்கா டின்னைக் காட்டினாள். "அப்புறம் ஏன் பெட்டியில போடல?"

பேக்கிங் பெண் கூச்சத்தோடு பிளாஸ்திரியைச் சுரண்டினாள். "நீங்க வந்து அவரு திருடருன்னு சொன்னீங்க. மறுநாளே அவரு வந்து நீங்க திருடின்னு சொன்னாரு. ரெண்டு பேருமே பொறுப்பானவங்க, பொய்யா சொல்வீங்க? நாங்க ரெண்டு பேரையும் நம்பிட்டோம்."

பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். வேட்புமனு. வேட்பாளர் இடத்தில் கோணல்மாணலாக அந்தப் பேக்கிங் பெண்ணின் பெயரேதான் இருந்தது.

"தெருவே சேர்ந்து என்னை நிக்கச் சொல்லிடுச்சு. எனக்கும் மாட்டேன்னு சொல்லத் தெரியல. முன்மொழியறதுக்கு வேற தெருக்காரங்க ரெண்டு பேரோட கையெழுத்து வேணுமாம். ஒண்ணு இப்பத்தான் வாத்தியார் தன் சட்டைப்பைப் பேனாவை எடுத்துப் போட்டாரு."

அக்கா பார்த்தாள். நிமிர்ந்த, கரும்பலகைக் கையெழுத்து. மை இன்னும் காயவில்லை.

"'அந்தம்மா போட மாட்டாங்க, வேற ஆளைப் பாரு'ன்னும் சொல்லிட்டுப் போனாரு." பேக்கிங் பெண் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீங்க போடறீங்களாக்கா?"