புதுசா தைக்கறவங்களுக்கு

"யாருக்கு அண்ணே?" என்று கேட்டான் தையல் மெஷின் கடைக்காரன் கிரோ.

"புதுசா தைக்கறவங்களுக்கு," என்றார் ட்ராய்ச்சே.

மாசிடோனியாவில் தைக்கத் தெரியாத ஆளைத் தேடுகிறவன் ஷ்டிப் ஊருக்கு மட்டும் வரக் கூடாது. அங்கே தெருவுக்கு ஒரு சட்டை ஆலை. கிரோ புருவத்தைத் தூக்கினான்.

"பேத்திக்கா?"

"பொண்டாட்டிக்கு."

கிரோ சிரித்துவிட்டான். ட்ராய்ச்சே ஆலைப் பேருந்து ஓட்டியவர். அவர் மனைவி ஸ்பாஸ்கா அதே ஆலையில் முப்பத்தோரு வருஷம் மெஷின் மிதித்தவள்.

"அண்ணி புதுசா? அப்ப நீங்களும் எங்கயாவது பஸ் ஓட்டப் பழகப் போங்கண்ணே."

"அவளுக்கு இடது கை மட்டும்தான் தைக்கத் தெரியும்."

அது உண்மை. ஆலையில் ஒருத்திக்குக் காலர், ஒருத்திக்குப் பை, ஒருத்திக்குப் பட்டன் துளை. ஸ்பாஸ்காவுக்கு வாய்த்தது சட்டையின் இடது கை.

ஜெர்மனியில் பாதிப் பேர் சட்டையில் இடது கையை நுழைத்தது அவள் புண்ணியத்தில்தான். வலது கை எதிர் மேஜை வேஸ்னாவின் இலாகா. அதில் இவள் தலையிட்டதே இல்லை.

வீட்டு ஜன்னல் திரையைக்கூட வெளியே கொடுத்துத்தான் தைத்தார்கள்.

மார்ச்சில் வேலையை விட்டாள். போன வாரம் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஒரு முழு உடுப்பு தைக்கணும். கழுத்துலேர்ந்து கீழ் ஓரம் வரைக்கும் நானே. வேற யாரும் கை வெக்கக் கூடாது. ஒரு மெஷின் வாங்கித் தாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய் திறந்து கேட்ட முதல் பரிசு. எதை வாங்கினாலும் சரியாக வாங்கியாக வேண்டும். பிடிக்கவில்லை என்று திரும்ப வந்து மாற்றிக்கொண்டிருக்க நாள் இல்லை.

கிரோ ஒரு வெள்ளை மெஷினின் உறையை உருவினான். முகப்பில் சின்னத் திரை, சுற்றிலும் பொத்தான்கள்.

"இது தானே தைக்கும். அண்ணி பக்கத்துல உக்காந்து காபி குடிச்சா போதும். அஞ்சு வருஷம் கேரண்டி."

"அவ்வளவு வேணாம்."

கேரண்டியை வேண்டாம் என்கிற வாடிக்கையாளரைக் கிரோ முதல்முறையாகப் பார்த்தான். விலைக்குப் பயப்படுகிறார் என்று முடிவு செய்தான்.

"இதோட அருமை தெரியாம பேசறீங்க. தையல் ஆரம்பிக்கறப்பவும் முடிக்கறப்பவும் தானா ரிவர்ஸ் அடிச்சு லாக் போட்டுக்கும். நூல் பிரியவே பிரியாது."

"அது வேணாம்."

"எது, திரையா?"

"லாக்."

கிரோ அடுத்ததற்கு நகர்ந்தான். இதில் திரை இல்லை. பொத்தானைத் தொட்டால் லாக்.

"தொடாம விட்டா?"

"நீங்க மறந்தாலும் அது மறக்காது. கடைசியில அதுவே போட்டுக்கும். புத்திசாலி மெஷின்."

"கொஞ்சம் முட்டாளா ஒண்ணு காட்டு."

கீழ்த் தட்டிலிருந்து பச்சை நிறத்தில் ஒன்று வந்தது. கண்காட்சிக்கு வைக்கிற முகவெட்டு இல்லை. ஓரத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குச் சொந்த மூளையே கிடையாது. இந்தக் கம்பியை அழுத்தினாத்தான் பின்னால வரும்."

"அழுத்தாட்டி?"

"முன்னால போய்க்கிட்டே இருக்கும்."

"இதான்."

"அண்ணே, விக்கறவன் நானே சொல்றேன், கேளுங்க. லாக் போடாத தையல் நிக்காது. நாலு தடவை துவைச்சா கழுத்து ஒரு பக்கம், கை ஒரு பக்கம்."

"துவைக்கப் போறதில்ல."

கிரோ அடுத்த கிண்டலுக்கு வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது.

முடிச்சுப் போடாமல், ஊசி ஓரிடத்திலும் பின்னால் திரும்பாமல், முன்னோக்கியே தைக்கிற உடுப்பு அந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான். கிரோவின் அம்மாவைப் பெட்டியில் படுக்க வைத்தபோது போட்டிருந்தது அதைத்தான். போகிறவர் கால் எங்கேயும் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று சித்தி உட்கார்ந்து தைத்தாள்.

அவன் மெஷின்மேல் இல்லாத தூசியைத் துடைத்தான்.

"உடுப்பு யாருக்கு அண்ணே?"

"அவளுக்குத்தான்."

கடையில் யாராவது பேசியாக வேண்டும் என்று தோன்றியதாலோ என்னவோ, ட்ராய்ச்சே தொடர்ந்தார்.

"துணி வெட்டி வெச்சாச்சு. இடது கையை முந்தாநாளே கையால தைச்சு முடிச்சுட்டா. தூங்கிக்கிட்டே தைப்பா அதை. வலது கைக்குத்தான் பயப்படறா."

கிரோ மெஷினைப் பெட்டியில் இறக்கினான். கேரண்டி அட்டையை எடுத்தான். தேதி எழுதப் பேனாவைத் திறந்தான். மூடினான். அட்டை மேஜை இழுப்பறைக்குத் திரும்பிப் போனது.

பரிசு என்று யார் வாங்கினாலும் அந்தக் கடையில் சிவப்பு ரிப்பன் இலவசம். பழக்கத்தில் கை அதையும் எடுத்துவிட்டது. பெட்டியை நீளவாக்கில் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று. இரண்டு நுனியும் மேலே வந்து சேர்ந்தன. விரல்கள் பூ முடிச்சுக்குத் தயாராயின.

கிரோ கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

பிறகு நுனிகளை முடிச்சுப் போடாமல், ரிப்பனுக்கு அடியில் மெல்லச் செருகிவிட்டான்.