தூக்கி நின்ற கத்தி

கணவர் இறந்த பிறகும் அந்தச் சின்னப் பழைய புல்டோசரை விற்க அவளுக்கு மனம் வரவில்லை. உடைந்த ஹைட்ராலிக் பம்பைக் கழற்றி மேசைமேல் போட்டிருந்தார்கள். பம்ப் இல்லாமல் மண் தள்ளும் கத்தி தரையை விட்டு அசையாது. மெக்கானிக் ஊர் ஊராக அலைந்து, ஒருவழியாகப் பழைய இரும்புக் கடையொன்றில் வேறொரு பம்பைப் பிடித்துவிட்டான்.

கணவர் வேலை முடிந்தால் கத்தியைத் தரையில் இறக்கி வைப்பார். டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவதானால் மட்டும் தூக்கியபடியே விட்டுப் போவார். ஆபத்து என்று அவள் எவ்வளவோ சண்டை போட்டும் கேட்டதில்லை.

பம்போடு வந்த மெக்கானிக் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டான். கத்தி இடுப்பளவு உயரத்தில் இருந்தது. குனிந்து பார்த்தான். அடியில் ஜாக்கியும் இல்லை, முட்டுக்கட்டையும் இல்லை.

"இதை யாரு தூக்குனதுக்கா?"

"காலைல வந்து பாத்தேன். இப்படித்தான் இருந்துச்சு."

"பம்பே இல்லாம எப்படிக்கா? சரி, தள்ளி நில்லுங்க. இதை மாட்டி இறக்கிடறேன்."

"வேணாம்பா."

"இத்தனை நாள் என்னை நாயா அலைய விட்டுட்டு, இப்ப வேணாமா?"

அவள் ஓட்டுநர் இருக்கையின் தூசியை மெல்லத் துடைத்தாள்.

"இருக்கட்டும். டீ குடிச்சிட்டு வந்துருவாரு."