ஆண் குரல், பெண் குரல்

பொத்தானை அழுத்தியதும் தனபாலன் பேசினார்.

‘மறுபடியும் மழை. குடையை ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.’

ஆங்கிலத்தில்தான். நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

இறந்து பத்து மாதம் ஆன மனிதர், மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு கடைவீட்டு மாடியில், ஆங்கில டியூசனுக்கு வந்த பதினாலு சீனப் பிள்ளைகளுக்கு நடுவில் மழையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் டீச்சரின் கணவர் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களுக்கு அவர் ‘ஆண் குரல்’. பதில் சொல்லும் ‘பெண் குரல்’ டீச்சர்தான் என்பதும் தெரியாது. ஒலிப்பதிவு என்றதும் அவள் வானொலிக்காரி மாதிரி குரலை மாற்றிக்கொண்டாள். அதற்கு அவர் செய்த கேலி கொஞ்சநஞ்சமல்ல.

பழைய சோதனைத் தாள்களின் ஒலிப்பதிவெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். கேள்வி வருவதற்கு முன்பே விடையை வட்டமிட்டுவிட்டு மேலே பார்ப்பார்கள். அதனால்தான் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவளே உரையாடல் எழுதினாள். ஆண் குரலுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. தபால் நிலைய வேலை முடிந்து வந்தவரைச் சட்டைகூட மாற்றவிடாமல் படுக்கையறையில் உட்காரவைத்தாள். சத்தம் விழக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்தினாள்.

“ஏம்மா, இந்தப் பிள்ளைங்க பாஸ் பண்றதுக்கு நான் வெந்து சாகணுமா?”

எல்லாரும் சொல்வதுதான். யார் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறார்கள்?

பத்து மாதமாக அவள் இந்த ஒலிப்பதிவின் பக்கமே போகவில்லை; இந்த வருடப் பிள்ளைகள் இதைக் கேட்டதே இல்லை. ஒருவரே பேசும் பாடங்கள், செய்திகள், அறிவிப்புகள் என்று ஒப்பேற்றினாள். ஆண்டிறுதிச் சோதனைக்கு இன்னும் இரண்டே வாரம். உரையாடல் வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டுவிட்டார்கள். இனி என்ன சாக்குச் சொல்வது?

‘என்னுடையதை எடுத்துக்கொள். நூலகத்தை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள்’ என்றது பெண் குரல்.

சோதனை விதிப்படி இரண்டு முறை போட்டாள்.

கேள்வி: அந்த மனிதர் அடுத்து எங்கே போவார்?

ஏ, அலுவலகம். பி, நூலகம். சி, கிளினிக்.

பி. அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. சி சும்மா போட்டது. மூன்றாவதாக ஒன்று வேண்டுமே என்று, அன்றைக்கு வாயில் வந்ததை எழுதிவைத்தாள்.

தாள்களை வாங்கிப் பார்த்தாள்.

பதினொரு பேர் சி.

அவளுக்குக் கோபம் வந்தது. யாரைப் பார்த்து எழுதினீர்கள் என்று அதட்டினாள்.

முன்வரிசையிலிருந்து சின் யீ எழுந்து ஆங்கிலத்தில் சொன்னாள்.

“அவர் இருமுறாரு, டீச்சர்.”

‘இருமினார்’ என்று வந்திருக்க வேண்டும். சீனத்தில் வினைச்சொல் காலத்துக்குத் தகுந்தபடி மாறாது; சின் யீக்கு ஆங்கிலத்திலும் எல்லாமே நிகழ்காலம்தான். டீச்சர் தினமும் திருத்துவாள். இன்று திருத்தவில்லை.

அந்த இருமல் அவளுக்குத் தெரியும். அதற்காக அவரை இரண்டு முறை திரும்பப் பேச வைத்தாள். மூன்றாவது முறையும் வந்தபோது, ஒரு வேலை உங்களால் உருப்படியாக நடக்காதா என்று எரிந்து விழுந்தாள். பிறகு, போனால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

ஒரு தடவை இருமினால் கிளினிக் போய்விடுவார்களா என்று கேட்டாள்.

“ஒரு தடவை இல்ல டீச்சர். அந்தப் பொம்பள பேசுறப்ப இன்னொரு தடவை. மெதுவா. வாயைப் பொத்திக்கிட்டு.”

வகுப்பே தலையாட்டியது. ஒலிப்பதிவில் எதுவும் சும்மா வராது, கதவுச் சத்தம் கேட்டால்கூடக் குறித்துக்கொள்ளுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னவள் அவள்தான். பிள்ளைகள் சொன்னதைச் செய்திருக்கிறார்கள்.

மறுபடியும் போட்டாள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்துக்கொண்டாள்.

நூலகத்தை ஐந்து மணிக்கு. மிடுக்கான அவளுடைய குரல்.

அதற்கு அடியில் அது இருந்தது. உள்ளங்கைக்குள் அமுக்கிய இருமல். இன்னொரு முறை திட்டு வாங்கக்கூடாது என்று, அவள் பேசும் நேரமாகப் பார்த்து இருமியிருக்கிறார்.

அந்த ஒலிப்பதிவு முடிந்து நாலு மாதம் கழித்து டாக்டர் நுரையீரல் படத்தைக் காட்டினார். முன்னாடியே கூட்டிவந்திருக்கலாமே என்றார். ஒரு அறிகுறியும் இல்லை டாக்டர் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னாள். இருபத்தாறு வருடம் பக்கத்திலேயே இருந்தவளுக்குத் தெரியாமலா போகும் என்று அவர்களும் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கவே வெட்கமாக இருந்தது.

பதினொரு தாள்களிலும் சி-க்குச் சரி போட்டாள். பி எழுதிய மூன்று பேர் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள்.

சின் யீ இன்னும் உட்காரவில்லை.

“டீச்சர், அந்தப் பொம்பள பக்கத்துலதானே இருக்காங்க? அவங்களுக்குக் கேக்கலையா?”

பதினாலு பேரும் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் சொன்னால் எழுதிக்கொள்வார்கள்.

“அது சோதனையில வராது” என்றாள்.